டவர் இல்லம்மா

2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் டெல்லியில் இருந்தபடியே காணொலி வழியாக ஒரு கேபிளைத் தொடங்கிவைத்தார். சென்னையில் கடலுக்குள் இறங்கி, வங்கக் கடலின் அடியில் ஓடி, போர்ட் பிளேரில் கரையேறி, அங்கிருந்து ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று தீவு தீவாகப் போகும் கண்ணாடி இழைக் கேபிள். நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். வங்கி, சுற்றுலா, ஆன்லைன் வகுப்பு, தொலைமருத்துவம் என்று அதன் பலன்களுக்கு அன்றைக்குப் பெரிய பட்டியல் போட்டார்கள். பட்டியலில் வராத நஷ்டம் ஒன்றும் இருந்தது. ஊரை விட்டு வந்து தீவில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் அதுவரை ஓர் அருமையான சாக்கு இருந்தது. மரியாதையானது, யார் மனதையும் நோகடிக்காதது, எந்த நேரத்திலும் செல்லுபடியாவது.

"டவர் இல்லம்மா."

பொய்ச் சாக்கு என்றும் சொல்ல முடியாது. தீவுகளின் இணையம் அதுவரை செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போய்ச் சேர்வதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம். வீடியோ காலில் அம்மாவின் முகம் பாதி வந்து உறைந்து நிற்கும். "கேக்குதா? கேக்குதா?" என்பதிலேயே நலம் விசாரிப்பு முடிந்துவிடும். கேபிள் வந்ததும் அம்மாவும் வந்துவிட்டார், முழு முகத்தோடும் முழுச் சத்தத்தோடும். "அந்தப் பக்கம் திருப்பு. அது என்ன, கட்டில் மேல துணி மலை மாதிரி கெடக்கு?"

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அவளைப் போலத் தீவில் நிறையப் பேர் இருப்பார்கள். வயது 27. பரமக்குடிப் பக்கத்து ஊர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்து போர்ட் பிளேருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஊரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. அவள் அம்மாவின் வாயில் மட்டும் இன்னும் 'போர்ட்டு பிளேரு'தான். டெலானிப்பூரில் வாடகை வீடு. தனியாகச் சமைக்கிறாள், தனியாக வாடகை கொடுக்கிறாள், கேஸ் சிலிண்டருக்குத் தானே பதிகிறாள். தினமும் மாலை ஐந்தேகாலுக்கு அம்மாவிடம் திட்டும் வாங்கிவந்தாள்.

ஐந்தேகாலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. தீவுகள் கிழக்கே 92 பாகையையும் தாண்டிக் கிடக்கின்றன. கடிகாரமோ நாடு முழுதுக்கும் ஒன்றுதான். மிர்சாப்பூர்ப் பக்கமாகப் போகும் 82.5 பாகைக் கோட்டின் கடிகாரம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று எட்டாம் வகுப்பில் படித்தது இங்கேதான் உறைக்கும். நவம்பர் மாதத்தில் போர்ட் பிளேரில் ஐந்து மணி அடிப்பதற்குள் சூரியன் இறங்கிவிடும். அந்த நேரத்தில் பரமக்குடியில் பொழுது சாய இன்னும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பாக்கி இருக்கும்.

"என்னடி, கன்னங்கரேல்னு இருக்கு, இன்னும் ரோட்டுல நிக்கிற?"

"அம்மா, மணி அஞ்சேகால்தான்மா ஆகுது."

"அஞ்சேகாலா? இங்க வெயில் அடிக்குது. யாரை ஏமாத்துற?"

பூகோளம் அம்மாவிடம் எடுபடாது. அவள் விளக்கிப் பார்த்தாள், மேப் அனுப்பிப் பார்த்தாள். பிறகு ஒருநாள் அலுவலகத்திலிருந்து வீடு வந்து கதவைச் சாத்திவிட்டு, லைட்டைப் போட்டு, கட்டில் துணியை மடித்துவிட்டு, அதற்கப்புறம் போன் எடுக்க ஆரம்பித்தாள். அதாவது, அம்மாவின் கேள்விக்குத் தகுந்தபடி தன் மாலையை மாற்றிக்கொண்டாள். இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பெரிய சண்டை எதுவும் இல்லை. இருபது நிமிடம் முன்னால் கிளம்புகிறோம், ஒரு தோழியோடு டீக்கடையில் நிற்பதை விடுகிறோம், ஒரு போட்டோவை ஸ்டேட்டஸில் போடாமல் இருக்கிறோம், போட்டாலும் அப்பாவின் பக்கத்துக்கு மறைத்துப் போடுகிறோம்.

இந்த விவகாரத்துக்கு இங்கிலீஷில் 'பவுண்டரி' என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறு வாழ்க்கை கிடையாது. 'எல்லை' என்று சொன்னால் முள்வேலியும் துப்பாக்கியும் கண்முன் வருகின்றன. 'வரம்பு' இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்தச் சொல் வீட்டில் எப்படிப் புழங்குகிறது என்று கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். தமிழ் வீட்டில் வரம்பு மீறுகிறவர் எப்போதும் சின்னவர்தான். "வரம்பு மீறிப் பேசாத" என்று அப்பா மகனிடம் சொல்லலாம். "அப்பா வரம்பு மீறிட்டார்" என்று மகன் சொன்னால் அந்த வாக்கியமே வரம்பு மீறியதாகக் காதில் விழும். பெற்றவர்களும் மீறக்கூடிய கோடு ஒன்று இருக்கிறது என்பதைச் சொல்ல வீட்டுப் பேச்சில் சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில்தான் சாக்கு வளர்கிறது. டவர் இல்லை, ஆபீஸ் மீட்டிங், சார்ஜ் போயிருச்சு.

தீவுகளில் கோடு போடும் வேலையை ரொம்ப காலம் கடலே செய்துவந்தது. 1858 மார்ச்சில் தண்டனைக் குடியிருப்பு தொடங்கியதிலிருந்து அந்தமான் என்றாலே திரும்பி வராத ஊர். 1906இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையில் கைதிகள் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு கடிதம்தான் எழுதலாம். அந்தக் கொடுமையை இன்றைய பிள்ளைகளின் பிரச்சினையோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். ஆனாலும் 'காலாபானி' என்ற சொல்லுக்குள் இருக்கும் பயம் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் பயம்தான். அது நூறு வருடத்தில் முழுக்கக் கரைந்துவிடவில்லை. அந்தமானுக்குப் போஸ்டிங் என்றதும் ஊரில் ஒரு பெரியப்பாவாவது "அங்கயா?" என்று இழுப்பார்.

பிறகு கப்பல் காலம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல் வழி சுமார் 1,190 கிலோமீட்டர். கப்பல் ஏறினால் ஏறத்தாழ மூன்று நாள். வானிலை கெட்டால் அதுவும் கணக்கில்லை. ஹேடோ துறையில் கப்பல் எப்போது வரும் என்பது துறைமுகத்துக்கும் வருண பகவானுக்கும் இடையிலான சங்கதி. அப்பா அம்மா 'சும்மா ஒரு எட்டு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்' என்று வாசலில் வந்து நிற்க முடியாத ஊர் அது. இப்போது சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். பரமக்குடியிலிருந்து சென்னை போய்ச் சேர்வதுதான் அதைவிட நெடும்பயணம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தீவில் இருக்கும் பிள்ளையைப் பற்றி அம்மா பயப்படுவது வெறும் அம்மாத்தனம் இல்லை. நாட்டின் நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகுந்த மண்டலத்தில் இருக்கும் இடம் இது. 'அந்தமான் கடலில் நிலநடுக்கம்' என்று டிவியின் அடியில் ஒரு வரி ஓடும். ரிக்டர் நான்கு சொச்சம் இருக்கும். தீவில் இருப்பவர் அதை உணர்ந்தேகூட இருக்க மாட்டார். அதற்குள் ஊரிலிருந்து போன் வந்துவிடும். 2004 டிசம்பர் 26 காலையில் தீவுகளோடு தொடர்பு அறுந்து, என்ன ஆனது என்றே தெரியாமல் மெயின்லேண்டில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. அந்த நாளைப் பார்த்த தலைமுறைதான் இன்றைக்கு அம்மாவாகவும் அப்பாவாகவும் இருக்கிறது. ஆகவே "நில நடுக்கம்னாங்க, நல்லா இருக்கியா" என்ற போனும், "கட்டில் மேல என்ன துணி" என்ற போனும் ஒரே எண்ணிலிருந்து வந்தாலும் ஒன்றல்ல. முன்னதற்கு முதல் ரிங்கிலேயே பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு அந்த அவசரம் தேவையில்லை. இரண்டையும் பிரித்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை இரண்டுக்கும் எரிந்து விழும், அல்லது இரண்டையும் எடுக்காமல் விடும்.

தீவுத் தமிழர் எல்லோரும் நேற்று வேலைக்கு வந்தவர்கள் இல்லை. 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 15 விழுக்காடு, வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்த இடம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தினார்கள். அந்தமானிலேயே பிறந்து, பஜாரில் இந்தியும் வீட்டில் தமிழும் பேசி, வெற்றிமலை முருகன் கோயில் பங்குனி உத்திரத்தை ஊர்த் திருவிழாவாக எண்ணி வளர்ந்தவர்கள் ஏராளம். இவர்கள் வீட்டில் கதை அப்படியே தலைகீழ். பெற்றவர்கள் தீவில், படிக்கவும் வேலைக்கும் சென்னைக்கோ கோவைக்கோ பெங்களூருக்கோ போனவர்கள் பிள்ளைகள். "மெயின்லேண்டு பிள்ளைங்க கூடச் சேர்ந்து கெட்டுப்போயிடாத" என்ற எச்சரிக்கை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது. அதே கேபிள்தான், அதே வீடியோ கால்தான்.

பெற்றவர்க்கும் பிள்ளைக்கும் நடுவில் கோடு போடுவது பற்றி இந்தத் தீவுகளில் நடந்த மிகப் பெரிய சோதனையைத் தமிழர்கள் செய்யவில்லை. செய்தது அரசாங்கம், ஆட்பட்டவர்கள் நிக்கோபாரிகள்.

கார் நிக்கோபாரில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று பொருள் இல்லை. 'துஹேட்' என்பார்கள். ஒரு மூத்தவரின் கீழ் பல வீடுகள் சேர்ந்த பெருங்குடும்பம். நிலமும் தென்னந்தோப்பும் துஹேட்டுக்குச் சொந்தம். யார் எந்தத் தோப்பில் வேலை செய்வது, எந்தப் பன்றியை எந்த விருந்துக்கு விடுவது, யாருக்கு எங்கே குடிசை என்பதெல்லாம் கூடிப் பேசித் தீர்க்கிற விஷயம். கல்யாணமான இளைஞன் கையில் தனியாகப் பணம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, பசியும் இருக்காது. இதைச் சொர்க்கம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. மூத்தவர் சொல்லே கடைசி என்ற இடத்தில் ஓர் இளம் மருமகளுக்கு எவ்வளவு மூச்சு விட இடம் இருந்திருக்கும் என்ற கேள்வியும் உண்டு. அதற்கு வெளியிலிருந்து பதில் சொல்ல முடியாது.

2004 சுனாமி கரையோர ஊர்களைத் துடைத்துப் போட்டது. உயிர் தப்பியவர்கள் தீவின் உட்புறம் போய்த் தகரக் கொட்டகைகளில் இருந்தார்கள். பிறகு நிரந்தர வீடுகள் வந்தன. நிக்கோபார் தீவுகளுக்கு மட்டும் சுமார் 7,000. இரும்புச் சட்டமும் கான்கிரீட்டும் கப்பலில் வந்திறங்கின. வீட்டை யாருக்குக் கொடுப்பது? அரசாங்கத்தின் படிவத்தில் குடும்பம் என்ற கட்டத்துக்குள் கணவன், மனைவி, பிள்ளைகள்தான் அடங்கும். துஹேட்டுக்கு அதில் இடமில்லை. அப்படியே வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. நிவாரணப் பணமும் அதே கணக்கில் தனித்தனி வங்கிக் கணக்குகளுக்குப் போனது. அதுவரை சேர்ந்து முடிவெடுத்த அண்ணன் தம்பிகள் கையில் முதல்முறையாகத் தனித்தனிப் பாஸ்புக். மோட்டார் சைக்கிள் வந்தது, டிவி வந்தது, யாருக்கு எவ்வளவு என்ற சண்டையும் வந்தது. மூத்தவரிடம் கேட்க வேண்டிய அவசியம் குறைந்தது. நிக்கோபாரைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்த சிம்ரன் ஜித் சிங் போன்றவர்கள், கடல் செய்த சேதத்துக்கு மேல் உதவி செய்த சேதத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. கூரையில்லாதவனுக்குக் கூரை வேண்டும், படிவத்துக்கு ஒரு கட்டம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோடு எங்கே விழ வேண்டும் என்று அந்த வீட்டில் இருந்தவர்களிடம் கேட்கவில்லை. ஒருவேளை கேட்டிருந்தால், சில இளந்தம்பதிகள் தனி வீடு வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். தோப்பு மட்டும் பொதுவாக இருக்கட்டும் என்றும் சொல்லியிருப்பார்கள். கான்கிரீட் வீட்டின் பக்கத்திலேயே தங்கள் பாணியில் குடிசை போட்டுக்கொண்டவர்களும் உண்டு. இதை எழுதுகிறவருக்கு இந்தக் கதையில் கண்ணை உறுத்துவது அந்தக் குடிசைதான். அரசாங்கம் போட்ட கோட்டை அழிக்க முடியாதவர்கள் அதற்குப் பக்கத்தில் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ் வீட்டிலும் கோட்டைப் பெரும்பாலும் யாராவது மூன்றாமவர்தான் போடுகிறார்கள். மாற்றல் உத்தரவு போடும், காலேஜ் சீட்டு போடும், கல்யாணம் போடும். பழி மட்டும் மருமகள் தலையில். 'தனிக்குடித்தனம்' என்ற சொல்லே குற்றப்பத்திரிகை மாதிரிதான் நம் வீடுகளில் ஒலித்துவந்தது. அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் மரியாதை வாங்கிக் கொடுத்தது 1986இல் வந்த 'சம்சாரம் அது மின்சாரம்'. பணத் தகராறில் அப்பாவும் மூத்த மகனும் வீட்டுக்கு நடுவே நிஜமாகவே கோடு போட்டுக்கொள்கிறார்கள். மூத்த மருமகள் உமாவாக லட்சுமி. எல்லாச் சிக்கலையும் அவிழ்த்து எல்லோரையும் சேர்த்துவைக்கும் அந்த மருமகள், கடைசியில் ஒரே வீட்டில் இருக்க மறுத்துவிடுகிறாள். தள்ளி இருப்போம், வந்து போவோம், பிரியம் அப்படியே இருக்கட்டும் என்று கிளம்புகிறாள். கூட்டுக்குடும்பம் சேர்ந்தால் கைதட்டிவிட்டு எழுந்துபோகப் பழகியிருந்த தியேட்டருக்கு அது அதிர்ச்சிதான். நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. முதலில் கோபத்தில் போட்ட கோட்டையும் முடிவில் பேசிப் போட்ட கோட்டையும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் இயக்குநர் விசுவின் சாமர்த்தியம்.

இருபத்திரண்டு வருடம் கழித்து வந்த 'சந்தோஷ் சுப்ரமணியம்' இன்னொரு வகை. அங்கே கொடுமைக்கார அப்பா இல்லை, பாசக்கார அப்பா. சட்டையிலிருந்து பெண்வரை எல்லாவற்றையும் மகனுக்காக அவரே தேர்ந்தெடுக்கிறார். இந்த வகைதான் கஷ்டம். கொடுமைக்கு எதிராகக் குரல் எழுப்பலாம். குலோப்ஜாமூனுக்கு எதிராக எப்படி எழுப்புவது?

சட்டம் இதில் எந்தப் பக்கம் என்று கேட்டால், இரண்டு பக்கமும். 1875ஆம் ஆண்டின் சட்டப்படி 18 வயதானால் மேஜர். சேலத்தில் ஹோமியோபதி படித்துக்கொண்டிருந்த கேரளப் பெண் ஹாதியாவின் வழக்கை எல்லோரும் அறிவார்கள். அப்பா தொடர்ந்த வழக்கில் 2017 மே மாதம் கேரள உயர்நீதிமன்றம் அவருடைய திருமணத்தைச் செல்லாது என்றது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை நேரில் அழைத்துக் கேட்டு, படிப்பை முடிக்கச் சேலத்துக்கு அனுப்பியது. 2018 மார்ச்சில் திருமணம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. வயது வந்தவர் யாரோடு வாழ்வது என்பதை அப்பாவோ நீதிமன்றமோ முடிவு செய்ய முடியாது என்பது அதன் சாரம். அதே உச்ச நீதிமன்றம் 2016இல் வேறொரு வழக்கில், தக்க காரணமில்லாமல் கணவனைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிக்குடித்தனம் போக வற்புறுத்துவது கொடுமை என்று சொல்லி விவாகரத்தை உறுதி செய்தது. பெற்றவர்களைப் பராமரிக்காத பிள்ளைகள்மீது 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும். ஆக, யாரைக் கட்டுவது என்பது உன் இஷ்டம், அப்பா அம்மாவின் சாப்பாடு உன் பொறுப்பு. யோசித்துப் பார்த்தால் பல தமிழ் வீடுகள் வழக்குப் போடாமலே வந்துசேர்கிற இடமும் இதுதான்.

சட்டம் வராத இடங்கள்தான் அன்றாடம். அங்கே உதவிக்கு ஓர் அமெரிக்க மனநல மருத்துவர் கிடைக்கிறார். மர்ரே போவன், டென்னசி மாநிலத்தின் வேவர்லி என்ற சிற்றூர்க்காரர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். குடும்பங்களுக்குச் சிகிச்சை சொல்லும் தான், சொந்த வீட்டுக்குப் போனால் பழைய பையனாகவே ஆகிவிடுகிறோமே என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. தன் கோட்பாட்டைத் தன் அப்பா அம்மாவிடமும் உடன்பிறந்தவர்களிடமும் சோதித்துப் பார்த்தார். 1967இல் நடந்த ஒரு மாநாட்டில், தயாரித்துவந்த கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கதையைச் சொன்னார். அச்சில் வந்தபோது அதில் ஆசிரியர் பெயர்கூட இல்லை. அவர் கண்டுகொண்டது, இருவருக்கு இடையே பதற்றம் வந்தால் மூன்றாவது ஆள் உள்ளே இழுக்கப்படுகிறார் என்பது. முக்கோணம். அதை உடைக்க வழி, ஒவ்வொருவரிடமும் அவரவர் விஷயத்தை நேராகப் பேசுவது.

போவனுக்கு முக்கோணத்தைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவைப்பட்டது. பரமக்குடிக்காரர்களுக்கு அது அன்றாடச் சாப்பாடு. "அப்பா உன்மேல ரொம்ப வருத்தமா இருக்காரு. நான் சொன்னேன்னு சொல்லிடாத." அப்பாவோ வருத்தமாக இருப்பதாக ஒருநாளும் வாய் திறந்ததில்லை, அவர் பேசுவதெல்லாம் "சாப்டியா, பணம் இருக்கா, சரி அம்மாகிட்ட குடுக்குறேன்" என்ற அளவில்தான். நம் பெண் ஒருநாள் அப்பாவின் எண்ணுக்கே போன் செய்து, "வருத்தமா இருக்கீங்களாமே, என்னன்னு சொல்லுங்கப்பா" என்று கேட்டுவிட்டாள். எதிர்முனையில் நெடுநேரம் மௌனம். அப்புறம், "மேட்ரிமோனியில உன் ப்ரொஃபைல் போட்டிருக்கோம், உன்கிட்ட கேக்காம போட்டுட்டோம்" என்றார். வருத்தம் என்று அம்மா மொழிபெயர்த்தது, குற்ற உணர்ச்சியாக இருந்திருக்கிறது.

கல்யாணத் தளங்களில் கணக்குத் தொடங்கும்போது முதல் கேள்வியே 'இந்த ப்ரொஃபைல் யாருக்காக?' என்பது. எனக்கு, மகனுக்கு, மகளுக்கு. அந்தக் கட்டத்தைத் தட்டும் விரல் யாருடையது என்பதில்தான் எத்தனை வீட்டுச் சண்டை! அவள் போட்ட கோடு இவ்வளவுதான்: ப்ரொஃபைல் இருக்கட்டும், பாஸ்வேர்டு என்னிடம் இருக்கட்டும், நீங்கள் பார்த்து எனக்கு அனுப்புங்கள், பதில் நான் அனுப்புகிறேன். "வேண்டவே வேண்டாம்" என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு மாதம் பேச்சுவார்த்தை நின்றிருக்கும், மூன்றாவது மாதம் அத்தை வழியாக இன்னொரு ஜாதகம் வந்திருக்கும்.

துருக்கியைச் சேர்ந்த உளவியலாளர் சீதெம் காயித்சிபாஷி இதையே வாழ்நாள் ஆய்வாகச் செய்தார். தன்னிச்சையாக இருப்பதும் நெருக்கமாக இருப்பதும் எதிரெதிர்த் திசைகள் என்று மேற்கத்திய உளவியல் நினைத்துக்கொண்டிருந்தது. அவர் அப்படியில்லை என்றார். வருமானம் கூடி, பிள்ளைகளின் சம்பளத்தை நம்ப வேண்டிய தேவை குறைந்த குடும்பங்களிலும் மனநெருக்கம் குறைவதில்லை. ஆனால் பிள்ளைக்கு முடிவெடுக்கும் சுதந்திரம் கூடுகிறது. ஒருவர் இரண்டுமாக இருக்கலாம் என்பதுதான் அவர் முன்வைத்த மாதிரி. அமெரிக்கக் கையேடுகளைப் படித்துவிட்டு "இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க" என்று அறிக்கை விடும் பிள்ளைகளைவிட, இந்தத் துருக்கிப் பெண்மணி நம் வீட்டுக்கு உதவுவார்.

பணத்தில் விஷயம் இன்னும் நுணுக்கம். மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் தொகை நிலையாக இருந்தால் அது பாசம். ஒவ்வொரு மாதமும் கேட்டு, பேசி, குறைத்து, கூட்டினால் அது தகராறு. தீவில் செலவு கூடுதல் என்பது ஊரில் யாருக்கும் புரியாது. காய்கறியில் ஒரு பகுதி மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிறது. கப்பல் தாமதமானால் தக்காளி விலை அன்றைக்கே ஏறும். மீன் மட்டும் தாராளம். "தனி ஆளுக்கு அங்க என்னடி செலவு?" என்ற கேள்விக்கு அபர்தீன் பஜாரின் தக்காளி விலையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆனால் நேரில் காட்டலாம். போன ஜனவரியில் அம்மா வந்தார். இரண்டு வாரம் என்று டிக்கெட்டிலேயே எழுதியிருந்தது. திரும்பும் டிக்கெட்டையும் அவள்தான் சேர்த்தே எடுத்தாள். அது உபசாரம், கூடவே வரம்பு. அம்மா இறங்கிய அன்றே சமையலறை அலமாரி இடம் மாறியது. சாம்பார் பொடி, வத்தல், கருவாடு என்று தீவுக்கே கருவாடு கொண்டுவந்த பெருமை அம்மாவுக்கு. மூன்றாம் நாள், அவள் அலுவலகம் போயிருந்தபோது மேசை இழுப்பறையைத் திறந்து காகிதங்களை அடுக்கிவைத்திருந்தார். அன்று மாலைதான் அவள் அதைச் சொன்னாள். கத்தவில்லை, அழவும் இல்லை. "அம்மா, சமையக்கட்டு உங்களுது, எப்படி வேணா வைங்க. இந்த மேசை மட்டும் என்னுது. தொடாதீங்க." அம்மாவுக்கு முகம் சுருங்கியது. ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் காலையில் இட்லி இருந்தது, பேச்சு இல்லை. அதற்கு மறுநாள் பேச்சும் வந்தது. மேசைக்குப் பக்கத்தில் அம்மா அதற்கப்புறம் போகவே இல்லை. துடைப்பத்தால் பெருக்கும்போதுகூட மேசையைச் சுற்றி ஓர் ஒன்றரை அடியை விட்டுவிட்டுப் பெருக்கினார். அந்த ஒன்றரை அடித் தூசியை அவள் ஞாயிற்றுக்கிழமை கூட்டினாள்.

எல்லா வீட்டிலும் இப்படி இட்லியில் முடியாது. அடிப்பது, அடைத்துவைப்பது, சம்பளக் கார்டைப் பிடுங்கிக்கொள்வது, சாதி விட்டுக் காதலித்தால் கொலை மிரட்டல் என்று போகும் வீடுகளும் உண்டு. அங்கே மேசையும் பாஸ்வேர்டும் பேசிக்கொண்டிருப்பது அபத்தம், வேண்டியது பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இந்தக் கட்டுரை பேசுவது, இரண்டு பக்கமும் பிரியம் இருந்தும் மூச்சு முட்டுகிற சாதாரண வீடுகளைப் பற்றி.

அந்த இரண்டு வாரத்தில் அம்மா பார்த்த இன்னொன்று, சூரியன். மதியம் துணி காயப்போட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தால் வெளியே மங்கிவிடும். முதல் நாள் பதறிப்போய்க் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். காலையிலோ, வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தால் வெளியே வெளிச்சம் வரத் தொடங்கிவிடுகிறது. நான்காம் நாள் மாலை, மகள் அலுவலகத்திலிருந்து வரும்போது மொட்டைமாடியில் நின்று இருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு போன் நேரம் மாறியது. இப்போது ராத்திரி எட்டு மணி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையில், வீடியோவில். நடுவில் ஒருநாள் சாயங்காலம் ஐந்தேகாலுக்கு அம்மாவின் பெயர் திரையில் வந்தது. நிலநடுக்கமோ என்று பதறி எடுத்தாள்.

"ஒண்ணுமில்லடி. வாசல்ல உக்காந்திருந்தேன், வெயில் அடிச்சுது. உனக்கு இந்நேரம் இருட்டியிருக்குமேன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போயிட்டியா?"

"இல்லம்மா. டீக்கடையில நிக்கிறேன்."

"சரி. குடிச்சிட்டுப் போ."